இருபதாம் தேதிக்கு அப்புறம்

திருப்பதி
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இன்று தொலி ஏகாதசி. பக்கத்து வீட்டில் பேலாலு பொடி இடித்துக் கொடுத்தார்கள். அதை வாயில் போட்டுக்கொண்டே எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று முடித்துவிடுவாய். இது நீ இரண்டு தடவை படிக்கவேண்டிய விஷயம்.

வியாழக்கிழமை ராத்திரி நீ பேசி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஆபீஸ் திறந்து இன்னும் மூன்று வருடம் ஆகவில்லை. அதற்குள் உன்னை நம்பி ஒரு அப்பா தன் பெண்ணைச் சி.ஏ. பயிற்சிக்கு ஆர்ட்டிகிளாகப் பாகாலாவிலிருந்து அழைத்து வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஃபாரம் 103 ஏற்றியாயிற்று, பதிவும் ஆகிவிட்டது என்றாய். அதே மூச்சில், "என்ன வேலை கொடுக்கறதுன்னு தெரியலக்கா, இப்போதைக்கு ஜி.எஸ்.டி. என்ட்ரி போட வச்சிருக்கேன். 20-ம் தேதி தாண்டட்டும், அப்புறம் சொல்லிக் கொடுக்கலாம்" என்றாய்.

"20-ம் தேதி தாண்டட்டும்." இதே வார்த்தையை நான் 2011-ல் சொன்னேன். சொல்லி, ஒரு பையனின் மூன்று வருடத்தைத் தின்றேன். இதுவரை இதை உன்னிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. நீயும் ஒருவருக்குப் பயிற்சி கொடுக்கும் பிரின்சிபால் ஆகிவிட்டாய், அதனால் இப்போது சொல்கிறேன்.

நகரிப் பக்கத்துப் பையன் அவன். தறி ஓட்டும் குடும்பம். தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவான், நம் வீட்டைப் போலவே. கை சுத்தம், எழுத்து சுத்தம், காலை ஒன்பதரைக்கு முன்னால் வந்துவிடுவான். அப்போது ஆந்திராவில் வாட் காலம். ஒவ்வொரு வியாபாரிக்கும் மாதாமாதம் வாட் 200 படிவம், 20-ம் தேதிக்குள். என்னிடம் அறுபது எழுபது பேர் இருந்தார்கள்: பாத்திரக் கடை, சேலைக் கடை, ஹார்டுவேர், பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த லாட்ஜுகள். இரண்டு மாதத்தில் அந்த வேலை முழுவதையும் அவன் கையில் எடுத்துக்கொண்டான். எனக்கு எவ்வளவு நிம்மதி என்றால், அவனை வேறு எதற்கும் அனுப்ப மனம் வரவில்லை. ஏப்ரலில் பேங்க் பிராஞ்ச் ஆடிட் வரும், மற்றப் பசங்கள் போவார்கள். அவன் போனால் வாட் நின்றுவிடும். செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட், ஸ்டாக் எடுக்க ஆள் வேண்டும். அவன் போனால் வாட் நின்றுவிடும். "அடுத்த வருஷம் அனுப்பறேம்பா" என்பேன். அவனும் தலையாட்டுவான்.

2014-ல் ஃபாரம் 108-ஐ எடுத்துக்கொண்டு வந்து நின்றான். பயிற்சி முடிந்ததற்கு நாம் கொடுக்கும் சான்று. என்னென்ன வேலையில் பயிற்சி பெற்றான் என்று எழுதி, இந்த மூன்று வருடமும் என்னிடம் பயின்றான் என்று கையெழுத்துப் போடவேண்டும். ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தேன். காலில் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஃபைனல் மூன்று தடவை எழுதியும் தேறவில்லை. ஒருநாள் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு, திரும்பும் வழியில் ஆபீசுக்கு வந்தான். "மேம், கடன் பாக்கி நிஜந்தானான்னு எப்படிப் பார்ப்பீங்கன்னு கேட்டாங்க. லெட்ஜர்ல பார்ப்பேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. வேற எப்படிப் பார்க்கணும் மேம்?" என்று கேட்டான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அது எனக்கு இன்னும் தாங்க முடியாததாக இருந்தது. பாக்கிக்காரருக்கே நேராகக் கடிதம் போட்டு உறுதி கேட்கவேண்டும், அதற்கென்று தணிக்கைத் தரம் 505 இருக்கிறது, அடுத்த வருடம் பணம் உண்மையில் வந்ததா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்க்கவேண்டும்: இதையெல்லாம் நின்ற இடத்தில் பத்து நிமிடத்தில் சொன்னேன். மூன்று வருடத்தில் எனக்குக் கிடைக்காத பத்து நிமிடம்!

2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. வாட் போயிற்று. நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். அதுவும் ஒரே ராத்திரியில் இல்லாமல் போயிற்று. இப்போது நகரியில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறான். அவன் கல்யாணத்துக்கு எனக்கு முதல் பத்திரிகை வைத்தான். நான் கையெழுத்துப் போட்ட அந்த ஃபாரம் 108-ஐ நினைக்காமல் எந்த வருடமும் ஜூலை 1-ம் தேதி நம் சி.ஏ. தினம் எனக்குப் போவதில்லை. ஊரார் கணக்கு உண்மையென்று கையெழுத்துப் போடுகிறவள், என் சொந்தக் கணக்கில் உண்மையில்லாததற்குக் கையெழுத்துப் போட்டேன்.

அதனால்தான் உன் ஜி.எஸ்.டி. என்ட்ரி என் நெஞ்சில் தைத்தது. வாட் 200 போய் ஜி.எஸ்.டி.ஆர். 3பி வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அதே 20-ம் தேதி.

நம் சி.ஏ. இன்ஸ்டிட்யூட் கேட்பது என்னவென்று உனக்கே தெரியும். வாரம் 35 மணி நேரம். 2023 ஜூலையிலிருந்து சேருகிறவர்களுக்கு மூன்று வருடம் இரண்டு வருடமாகக் குறைந்திருக்கிறது. அந்தப் புதுத் திட்டத்தில் சேர்ந்த முதல் பசங்கள் இந்த மாதம்தான் முடித்து வெளியே வருகிறார்கள். நம் காலத்தில் பரீட்சைக்கென்று மாதக்கணக்கில் லீவு போடுவோம். இப்போது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 24 நாள்தான். படிக்க, பயிற்சி முடிந்தபிறகு ஆறு மாதம் தனியாக விட்டிருக்கிறார்கள். இதைப் பார்த்து "குழந்தைகளுக்கு லீவே இல்லையே" என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அந்த இரண்டு வருடமும் கலப்படமில்லாத பயிற்சியாக இருக்கவேண்டும் என்றுதான் இப்படி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் கட்டுப்பாடு அவர்களுக்கு மட்டுமா? நமக்குத்தான் அதிகம். முன்பு மூன்று வருடத்தில் ஒரு வருடம் வீணானால் இரண்டு மிஞ்சும். இப்போது ஒன்று வீணானால் பாதி போயிற்று.

இங்கிலாந்தின் கணக்காளர் அமைப்புகளில், ஐ.சி.ஏ.இ.டபிள்யூ.வில் நாட்களை எண்ணுகிறார்கள், 450 வேலை நாள். ஏ.சி.சி.ஏ.வில் 36 மாதத்தோடு விடுவதில்லை. ஒன்பது திறன்களை வேலையிலேயே செய்து காட்டவேண்டும். ஐந்து எல்லோருக்கும் பொது, நாலு அவரவர் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொன்றுக்கும் "இதை நான் எங்கே, எப்படிச் செய்தேன்" என்று பயிற்சியாளர் தன் சொந்த வார்த்தையில் எழுத, மேலே இருப்பவர் படித்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். என் ஆபீசில் ஒரு பெண் அந்தப் படிப்பும் படிக்கிறாள். அவள் எழுதியதை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். நம் ஊர் முறையில் காலம் ஓடினால் போதும் என்று ஆகிவிடக்கூடிய ஓட்டை இருக்கிறதே, அதை அடைக்க இது நல்ல வழி என்று தோன்றியது. எந்த விதியும் சொல்லாவிட்டாலும் நீ இதைச் செய்யலாம். மாதக் கடைசியில் அந்தப் பெண்ணை ஒரு பக்கம் எழுதச் சொல். ஆங்கிலம் தடுக்கினால் தெலுங்கில் எழுதட்டும். என்ன செய்தாள் என்பதைவிட, என்ன பார்த்தாள், என்ன புரியவில்லை என்று எழுதட்டும். மூன்று மாதம் ஒரே விஷயத்தையே எழுதினால், தவறு அவளுடையதல்ல என்று உனக்கே தெரிந்துவிடும்.

என் பிரின்சிபாலைப் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். மெட்ராசில் 1993-லிருந்து 96 வரை அவரிடம் இருந்தேன். கம்ப்யூட்டர் ஆபீசில் ஒன்றுதான், அதற்கும் உறை போட்டு மூடியிருக்கும். பச்சைப் பென்சிலும் சிவப்புப் பென்சிலுமாக லெட்ஜரில் டிக் அடித்து அடித்து விரல் காய்த்துப் போகும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் நாலு பேரையும் உட்காரவைத்து, காபி வரவழைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வாரம் நீ பார்த்ததில் எதை நம்பவில்லை?"

"எல்லாம் சரியா இருந்தது சார்" என்றால் கோபிக்க மாட்டார். "அப்ப இந்த வாரம் நீ கணக்குப் பார்க்கலை, கணக்கு உன்னைப் பார்த்திருக்கு" என்பார். முதல் ஆறு மாதம் என்னிடம் பதிலே இருக்காது. பிறகு ஒரு சனிக்கிழமை, ஒரு அச்சகத்தின் கூலி வவுச்சர்களில் எட்டுப் பேரின் கையெழுத்தும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருப்பதைச் சொன்னேன். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, என்னோடு அந்த அச்சகத்துக்கு வந்தார். அன்றைக்கு அங்கே பெரிய மோசடி எதுவும் இல்லை. எழுதத் தெரியாதவர்களுக்காக மேஸ்திரி போட்ட கையெழுத்து. இனிமேல் கைநாட்டு வாங்கு என்று சொல்லிவிட்டு வந்தோம். ஆனால் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி சந்தேகப்பட்டாள் என்பதற்காக ஒரு பெரிய ஆடிட்டர் பஸ் ஏறி வந்தார் என்பது எனக்கு என்ன செய்தது என்று சொல்லி முடியாது. அன்றிலிருந்து என் கண்ணை நானே மதிக்க ஆரம்பித்தேன்.

நகரிப் பையனுக்கு அப்புறம்தான், அவரிடம் வாங்கியதை நான் யாருக்கும் கொடுக்கவேயில்லை என்று உறைத்தது. அப்போதிலிருந்து என் ஆபீசிலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தக் கேள்வி உண்டு. ரிட்டர்ன் கடைசி நாளே ஆனாலும் உண்டு.

அதனால் என்ன கிடைக்கும் என்று ஒன்று சொல்கிறேன். உனக்குத் தெரிந்த தொழில் என்பதால் எளிதில் புரியும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் மார்ச் 31-ம் தேதி ஸ்டாக் எண்ண, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண்ணை அனுப்பினேன். வரிசை வரிசையாக நீல டிரம். எண்ணிக்கை லிஸ்டோடு அப்படியே ஒத்துப்போயிற்று என்று வந்து சொன்னாள். நானும் வொர்க்கிங் பேப்பரில் குறித்துவிட்டேன். சனிக்கிழமை கேள்வி வந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "மேம், டிரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஆனா லேபிள்ல சிலதுல 215 கிலோன்னும் சிலதுல 228 கிலோன்னும் இருந்தது. அது ஏன்னு எனக்குத் தெரியலை. கேட்க வெட்கமா இருந்தது" என்றாள்.

215 கிலோ என்றால் சாதாரணக் கூழ். தோத்தாபுரிக் கூழ் 14 பிரிக்ஸ். 228 என்றால் நீரை வற்ற வைத்த அடர்கூழ், 28 பிரிக்ஸ். இரண்டுக்கும் விலை வேறு வேறு. திங்கட்கிழமை இருவரும் திரும்பப் போனோம். லிஸ்டில் அடர்கூழ் என்று விலை போட்டிருந்த ஒரு வரிசை முழுக்க 215 கிலோ டிரம். ஸ்டோரில் ஒருவர் இடத்தை மாற்றி அடுக்கியிருக்கிறார், லிஸ்டை மாற்ற மறந்திருக்கிறார். அவர்களே நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார்கள். எண்ணிக்கை சரி, மதிப்பு தவறு. ஐந்து நாள் வகுப்பு எடுத்தாலும் இதை அவள் மனதில் இப்படிப் பதியவைத்திருக்க முடியாது. வெட்கத்தை விட்டு "ஏன்னு தெரியலை" என்று சொல்லக்கூடிய ஒரு மூன்று மணி அவளுக்கு வாரத்தில் இருந்தது, அதுதான் காரணம்.

உன் ஆர்ட்டிகிள் பெண் ஒன்றும் கேட்பதில்லை, சொன்னதை மட்டும் செய்கிறாள் என்று குறைப்பட்டாய். பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் கோச்சிங்கிலும் கேள்வி கேட்காமலிருந்ததற்கு மார்க் வாங்கியவள். திடீரென்று கேள் என்றால் எப்படிக் கேட்பாள்? நீதான் முதலில், "இது எனக்கே சந்தேகம், வா பார்க்கலாம்" என்று அவள் எதிரில் சொல்லவேண்டும். தெரியாது என்று பிரின்சிபால் சொல்வதைக் கேட்டபிறகுதான் ஆர்ட்டிகிளுக்கு நாக்கு எழும்.

இப்போது நம் சித்தூரில் மாங்காய்க் காலம். ஒரு ஆர்ட்டிகிளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? இந்த வருடம் விலை விழுந்து, விவசாயிகள் டிராக்டரோடு ஃபேக்டரி வாசலில் ராப்பகலாகக் காத்துக் கிடக்கிறார்கள். ஃபேக்டரி கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கவேண்டும், அரசு 4 ரூபாய் ஆதரவுத் தொகை கொடுக்கும், ஆக 12 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை ஒருநாள் காலை ஆறு மணிக்கு எடைமேடைக்கு அழைத்துப் போ. லோடோடு ஒரு எடை, காலி வண்டிக்கு ஒரு எடை, கழிவு என்று தள்ளியது எவ்வளவு, சீட்டு எத்தனை பிரதி, யார் யாரிடம் போகிறது, சீட்டிலிருந்து கொள்முதல் லெட்ஜர், லெட்ஜரிலிருந்து விவசாயியின் பேங்க் கணக்கு: ஒரே ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அவளை நடக்கவிடு. அரசு எந்த எடைக்கு 4 ரூபாய் கொடுக்கிறதோ, அதே எடைக்குத்தான் ஃபேக்டரியும் 8 ரூபாய் கொடுத்திருக்கிறதா என்று அவளே கேட்கட்டும். நீ என்ட்ரி போடச் சொல்லும் அந்த இன்வாய்ஸுக்குப் பின்னால் வெயிலில் நிற்கும் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவள் போடும் என்ட்ரியே வேறு.

நான் ஜி.எஸ்.டி. வேலையே கொடுக்காதே என்று சொல்லவில்லை. நம் மாதிரிச் சின்ன ஊர் ஆபீசுக்கு அதுதான் சோறு. கற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆறு மாதம் அதைச் செய்யட்டும், வவுச்சிங்கும் பேங்க் ஒத்துப்பார்ப்பும் டி.டி.எஸ்.ஸும் அதோடு வரட்டும். அடுத்த ஆறு மாதம் டாக்ஸ் ஆடிட்டில் ஒரு சின்னக் கடையை முழுதாக அவளிடம் விடு, ட்ரையல் பேலன்ஸிலிருந்து அறிக்கை வரை. வேலையைக் கெடுத்துவிடுவாளோ என்று பயந்து நீயே கையில் எடுக்காதே. நீ திருத்து, ஆனால் அவள் எதிரில் திருத்து. சிவப்புப் பேனாவால் கோடு மட்டும் போட்டுத் திருப்பினால் அவள் கற்றுக்கொள்வது பயத்தை மட்டுந்தான். இரண்டாவது வருடம் கம்பெனி ஆடிட், பேங்க் ஆடிட், பிளானிங் எழுதுவது, கட்சிக்காரரோடு பேசுவது. 20-ம் தேதி தாண்டட்டும் என்று நினைக்கும்போதெல்லாம், அடுத்த 20-ம் தேதி முப்பது நாளில் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்.

கம்பெனி ஆடிட் உன்னிடம் இப்போது அதிகமில்லை என்று தெரியும். அதற்கும் வழியிருக்கிறது. செகண்ட்மென்ட் என்று விதியிலேயே இடமுண்டு. அவள் சம்மதித்தால், நாலு மாதத்துக்குக் குறையாமல் இன்னொரு மெம்பரிடம் அனுப்பலாம். ரேணிகுண்டா பக்கத்திலும் ஸ்ரீசிட்டியிலும் எனக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் இருக்கின்றன. இரண்டாவது வருடம் என்னிடம் அனுப்பு. பாகாலா நம் இருவருக்கும் நடுவில்தானே இருக்கிறது. இப்போது காட்பாடி ரயிலில் சித்தூர் வருகிறவள், அப்போது எதிர்ப்பக்கம் திருப்பதி வண்டி ஏறினால் போதும். என் சொந்தத் தம்பியின் முதல் ஆர்ட்டிகிளுக்கு நானும் கொஞ்சம் பிரின்சிபாலாக இருந்துகொள்கிறேன்.

அவள் பெண் என்பதால் இன்னொன்று. வெளியூர் ஆடிட்டுக்கு அனுப்ப யோசிப்பாய், "ராத்திரி ஆகிவிடும், அவங்க அப்பா என்ன சொல்வாரோ" என்று. அந்த யோசனையில் அன்பு இருக்கிறது. ஆனால் நான் வாட்டைக் காரணம் காட்டிப் பையனைத் தடுத்தது மாதிரி, நீ பாதுகாப்பைக் காரணம் காட்டி இவளைத் தடுத்துவிடாதே. அவள் அப்பாவிடம் நேராகப் பேசு. எங்கே போகிறாள், யாரோடு போகிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று சொல். ரயில் தவறினால் நம் வீட்டில் அம்மாவோடு தங்கட்டும்.

நம் தொழிலில் முதல் பெண்மணி சிவபோகம் அம்மாள் கதையை அவளுக்குச் சொல். ஆர். சிவபோகம். நமக்கு ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் வேலூர்ச் சிறையில், காந்தி இயக்கத்துக்காக ஒரு வருடம் இருந்தவர். வெளியே வந்து படித்து 1933-ல் அரசுக் கணக்கியல் டிப்ளமா தேறினார். மெட்ராசில் சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி. சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிய முடியாது என்று அன்றைய சட்டம் தடுத்தது. வழக்காடி வென்று, 1937-ல் தனியாகப் பிராக்டிஸ் தொடங்கினார். பிறகு 1955-லிருந்து 58 வரை நம் தென்னிந்தியக் கவுன்சிலுக்கே தலைவர். எல்லோரும் அந்த அம்மாளின் துணிச்சலைச் சொல்வார்கள், சொல்லவேண்டியதுதான். நான் சாஸ்திரியையும் நினைத்துக்கொள்வேன். ஒரு பெண்ணை, அதுவும் ஜெயிலுக்குப் போய்வந்த பெண்ணை, வெள்ளைக்காரன் ஆட்சியில் தன் ஆபீசில் உட்காரவைத்துத் தொழில் சொல்லிக்கொடுக்க ஒருவர் ஒப்புக்கொண்டாரே. ஒப்புக்கொள்கிறவர் ஒருவர் இல்லாமல் முதல் ஆள் யாரும் வருவதில்லை.

ஸ்டைபண்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊரின் மக்கள்தொகைப்படி இன்ஸ்டிட்யூட் வைத்திருப்பது குறைந்தபட்சம், அதுதான் உச்சம் என்று அர்த்தமில்லை. மாதம் பிறந்ததும் பேங்க்கில் போட்டுவிடு. ஆபீசில் கலெக்‌ஷன் வரவில்லை என்று அவளைக் காக்கவைக்காதே. சம்பளம் தள்ளிப் போட்ட கட்சிக்காரரை நாளைக்கு அவள் கேள்வி கேட்கவேண்டும் இல்லையா.

அப்பா ஞாபகம் வருகிறது. வெல்ல மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதினார். தராசுத் தட்டு நிற்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் சீட்டில் எடை எழுத மாட்டார். முதலாளி மகனே வந்து "எழுதுங்க, நான் பார்த்தேன்" என்றாலும், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்து பார்ப்பார். வெயிலில் நின்று கண் பழுதானதுதான் மிச்சம் என்று அம்மா சொல்வாள். நம் இருவருக்கும் அவர் விட்டுப்போனது அந்தப் பழக்கம் ஒன்றுதான். படித்து, பட்டம் வாங்கி, பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு ஃபாரத்தில் மட்டும் நான் தட்டைப் பார்க்காமல் எடை எழுதிவிட்டேன்.

காணிப்பாக்கத்தில் சத்தியம் செய்ய வருகிறவர்களை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே. பிள்ளையார் முன்னால் நின்று பொய் சொன்னால் தாங்காது என்று, வழக்குத் தகராறையெல்லாம் அங்கே கொண்டுவந்து தீர்த்துக்கொள்வார்கள். நம் கையெழுத்தும் அப்படித்தான். மற்ற அறிக்கைகளுக்கு யூ.டி.ஐ.என். என்ற எண் இருக்கிறது, யார் எப்போது கையெழுத்துப் போட்டது என்று உலகமே பார்க்கலாம். ஃபாரம் 108-ல் எழுதியது நிஜமா என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நீயும் அவளும். 2027-ல் அவள் அதை எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் நிற்பாள். அன்றைக்கு என்னைப் போல ஐந்து நிமிடத்தில் முடித்துவிடாதே. அவளை உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் படி. "இது நான் உனக்குக் கொடுத்தேனா?" என்று கேள். ஆமாம் என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லும்படி இந்த இரண்டு வருடத்தையும் நடத்து.

புதன்கிழமை நான் சித்தூர் வருகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கவேண்டும். காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன். பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு ஃபேக்டரி எடைமேடையில் எனக்கு வேலை இருக்கிறது. நீயும் வா, அந்தப் பெண்ணையும் அழைத்து வா. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவரச் சொல். 3பி நாம் திரும்பி வந்தபிறகு போட்டுக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறது.

அம்மாவிடம் பேலாலு கொண்டுவருகிறேன் என்று சொல், வெல்லம் குறைத்துத்தான்.

உன் அக்கா

பி.கு. நகரிப் பையனுக்கும் இன்றைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கு எழுதியதில் முதல் பாதியை அவனுக்கும் எழுதியிருக்கிறேன். ஃபைனல் திரும்ப எழுத மனமிருந்தால், ஆடிட்டிங் பாடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னிடம் வரச் சொல்லியிருக்கிறேன். வருவானா என்று தெரியவில்லை. வந்தால், கடன் பாக்கியிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.